பெயர்ப்பலகையில் இருப்பவர்தான் உரிமையாளரா? அமெரிக்கச் சிற்றூர்களின் இறுதிச்சடங்கு இல்லங்கள்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் சென்றுவந்த கோவை வாசகர் ஒருவர், அவ்வூர்ப் பிரதான வீதியில் வெண்ணிறத் தூண்களும் அகன்ற தாழ்வாரமுமாக நின்ற பழைய மாளிகை ஒன்றைத் திருமண மண்டபம் என்று எண்ணியதாகவும், இறந்தவர்களின் உடலை வைத்து இறுதிச்சடங்கு நடத்தும் 'ஃப்யூனரல் ஹோம்' அது என்று பிறகே தெரிந்ததாகவும் சென்ற இதழில் எழுதியிருந்தார். பலகையில் ஒரு குடும்பப் பெயரும், 'புதல்வர்கள்' என்ற சொல்லும், தொடங்கிய ஆண்டும் இருந்தனவாம். அக்கடிதத்தைப் படித்துவிட்டு இந்த இல்லங்களின் வரலாற்றையும் உரிமையையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி (மதுரை வாசகர்): இறந்தவரின் வீட்டிலேயே சடங்கு செய்வதுதானே பழைய வழக்கம்? அமெரிக்கர்கள் அதற்கென்று தனியாக ஒரு வீட்டை ஏற்படுத்திக்கொண்டது எப்போது, ஏன்?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கும் எல்லாம் வீட்டில்தான் நடந்தது. உடலைக் கழுவி, உடை மாற்றி, கூடத்தில் கிடத்தும் வேலையை வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் செய்தார்கள். பெட்டியை ஊர்த் தச்சர் அளவெடுத்துச் செய்து தந்தார். இடுகாட்டுக்குக் கொண்டுசெல்லக் குதிரை வண்டிகளை வாடகைக்கு விடுபவர் வண்டி அனுப்பினார். முதல் வேலைக்கு யாரும் காசு கேட்கவில்லை. பின்னிரண்டும் காசுக்குச் செய்யப்பட்டவை. ஆகவே தொழில் அந்த இரண்டிலிருந்துதான் பிறந்தது. நூறாண்டுப் பெருமை பேசும் சிற்றூர் இல்லங்களில் பெரும்பாலானவற்றின் வேரைத் தேடினால் ஒரு மரச்சாமான் கடையிலோ ஒரு குதிரைக் கொட்டகையிலோ போய் முடியும். கடையின் முன்புறத்தில் கட்டிலும் மேசையும், பின்னறையில் சவப்பெட்டிகளும் இருக்கும். துக்க வீட்டுக்கு நாற்காலிகள் அனுப்புவதும் அதே கடைதான். மரச்சாமான், இறுதிச்சடங்கு இரண்டையும் ஒரே வரியில் அறிவிக்கும் விளம்பரங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சவப்பெட்டிகள் தொழிற்சாலைகளில் மொத்தமாகச் செய்யப்பட்டு இரயில் மூலம் ஊர்களுக்கு வரத் தொடங்கியதும், உளி பிடித்த தச்சர் அவற்றை வாங்கி விற்கும் வணிகரானார். இண்டியானா மாநிலத்தின் பேட்ஸ்வில் என்ற சிற்றூரில் இருந்த சவப்பெட்டி நிறுவனத்தை 1906இல் ஹில்லன்பிராண்ட் குடும்பம் வாங்கியது. பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய சவப்பெட்டித் தயாரிப்பாளராக அது வளர்ந்தது. இத்தொழில் செய்வோர் 1882இல் தேசிய அளவில் சங்கம் அமைத்து, தம்மைப் பெட்டி விற்பவர்கள் என்று கருதாமல் இறுதிச்சடங்கை முன்னின்று நடத்தித்தரும் நிபுணர்கள் என்று உலகம் மதிக்க வேண்டும் என விரும்பினார்கள்.

அப்போதும் உடல் கெடாதபடி மருந்தேற்றிப் பதப்படுத்தும் வேலை இறந்தவரின் வீட்டில்தான் நடந்தது. நிபுணர் தம் கருவிப் பெட்டியையும் மடக்குப் பலகையையும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். மருத்துவமனையில் இறப்போர் பெருகியதும், நகர வீடுகளில் பெரிய கூடங்கள் குறைந்ததும், குதிரை போய் மோட்டார் வண்டி வந்ததும் இந்த ஏற்பாட்டை மாற்றின. 1910களிலிருந்து 1930கள் வரையிலான காலத்தில் இத்தொழில் செய்தவர்கள் பிரதான வீதிகளில் இருந்த செல்வந்தர்களின் பழைய மாளிகைகளை வாங்கினார்கள். விசாலமான கூடங்கள் உடலைப் பார்வைக்கு வைக்க உதவின. பக்கவாட்டில் வண்டி வந்து நிற்க வழி இருந்தது. அடித்தளத்தில் பதப்படுத்தும் அறையும் மாடியில் குடும்பத்தின் வீடும் அமைந்தன. நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் எடுக்க ஒருவர் எப்போதும் இருக்க வேண்டிய தொழில் இது என்பதால், குடும்பம் மாடியில் குடியிருந்தது வசதிக்காக மட்டும் அன்று, தேவைக்காகவும்தான். கோவை வாசகர் பார்த்த தூண்களுக்கும் தாழ்வாரத்துக்கும் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): எங்கள் ஊர் மலர்ச்சாலைகளில், அதாவது இறுதிச்சடங்கு இல்லங்களில், உடலை எம்பாம் செய்வது (பதப்படுத்துவது) சாதாரணம். அமெரிக்காவில் அது எப்படிப் பரவியது? சட்டப்படி கட்டாயமா?

பதில்: அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கு இடையே நடந்த உள்நாட்டுப் போர்தான் அதைப் பரப்பியது. 1861 மே 24 அன்று வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியா நகரில் ஒரு விடுதியின் உச்சியில் பறந்த தென்மாநிலக் கொடியை இறக்கிவிட்டு வந்த கர்னல் எல்ஸ்வர்த் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஜனாதிபதி லிங்கனுக்கு நெருங்கியவர். அவருடைய உடலைத் தாமஸ் ஹோம்ஸ் என்பவர் பதப்படுத்தித் தர, அது வெள்ளை மாளிகையில் மரியாதைக்கு வைக்கப்பட்டது. தொலைதூரப் போர்க்களத்தில் மடிந்த மகனை ஊருக்குக் கொண்டுவந்து ஒருமுறை முகம் பார்த்துவிட முடியும் என்ற செய்தி பரவியதும், பாசறைகளின் அருகே பதப்படுத்துவோர் கூடாரம் அடித்தார்கள். உடல் ஒன்றுக்கு 100 டாலர் வரை வாங்கிய ஹோம்ஸ், போர்க்காலத்தில் 4000க்கும் மேற்பட்ட உடல்களைப் பதப்படுத்தியதாகப் பின்னர் கூறிக்கொண்டார். துயரத்தில் இருந்த குடும்பங்களிடம் அளவு மீறிப் பணம் பறிப்பதாகப் புகார்கள் எழுந்ததால், போர் முடியும் தறுவாயில் இராணுவமே இவர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. இத்தொழிலின் மீதான முதல் பெரிய விலைப் புகாரும் முதல் அரசு ஒழுங்குமுறையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற்காலச் சம்பவங்கள் எவையும் வியப்பளிக்கா.

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டபோது அவருடைய உடலும் பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலிருந்து இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு வரை சுமார் 1650 மைல் இரயிலில் சென்றது. வழிநெடுகப் பல நகரங்களில் மக்கள் வரிசையில் நின்று முகத்தைப் பார்த்தார்கள். எந்த விளம்பரமும் செய்ய முடியாததை அந்தப் பயணம் செய்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இன்றைய நிலையில், பொதுவாகச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. உடலை நெடுநாள் வைத்திருப்பது, மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது போன்ற சில நிலைமைகளுக்குச் சில மாநிலங்களில் விதிகள் உண்டு. கட்டாயம் இல்லாதபோது கட்டாயம் என்று குடும்பத்திடம் சொல்வது கூட்டாட்சி விதிப்படி தவறு.

கேள்வி (சேலம் வாசகர்): பலகையில் இருக்கும் பெயருக்குரிய குடும்பமே இன்றும் உரிமையாளராக இருக்கும் என்று நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்பலாம்; ஆனால் பலகையை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. நாட்டில் ஏறத்தாழ 19,000 இறுதிச்சடங்கு இல்லங்கள் உள்ளன. பத்தில் ஏறத்தாழ ஒன்பது இன்னும் குடும்பங்களுக்கோ தனியாருக்கோ சொந்தமானவை என்கிறது இத்தொழில் செய்வோரின் தேசியச் சங்கம். மீதி இருப்பவற்றில்தான் சுவாரசியம் இருக்கிறது.

ஹூஸ்டன் நகரின் ஹைட்ஸ் பகுதியில் குடும்பத்துக்குச் சொந்தமான இறுதிச்சடங்கு இல்லத்தை நடத்திவந்த ராபர்ட் வால்ட்ரிப், 1962இல் சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கண்டுகொண்டது எளிய கணக்குதான். ஓர் இல்லத்தில் சவ ஊர்தி, பதப்படுத்தும் அறை, பணியாளர்கள் ஆகிய அனைத்துக்கும் ஆண்டு முழுவதும் செலவு உண்டு. ஆனால் சாவு தினமும் வருவதில்லை. ஒரே வட்டாரத்தில் ஐந்தாறு இல்லங்களை வாங்கி, அவற்றுக்குப் பொதுவாக ஊர்திகளையும் ஒரே பதப்படுத்தும் கூடத்தையும் வைத்துக்கொண்டால் செலவு குறையும். 1969இல் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்ற இந்நிறுவனம், 1990களில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்சு எனக் கடல் கடந்தும் வாங்கிக் குவித்து, கடன் சுமை தாங்காமல் வெளிநாட்டுச் சொத்துகளை விற்று மீண்டது. இன்று வட அமெரிக்காவில் 1400க்கும் மேற்பட்ட இல்லங்கள் அதன் கையில் உள்ளன.

இத்தனையையும் வாங்கிய நிறுவனம் எந்த ஊரிலும் தன் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டவில்லை. பழைய குடும்பப் பெயரே பலகையில் நீடிக்கும். பழைய உரிமையாளர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மேலாளராகச் சம்பளத்தில் இருப்பார். அதே ஊரில் போட்டியாக இன்னோர் இல்லம் திறப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். ஊர்க்காரர்களுக்கு அதே முகம், அதே வாசல், அதே பெயர்.

ஏன் இப்படி? மற்றக் கடைகளில் நல்ல விளம்பரம் செய்தால் விற்பனை கூடும். இத்தொழிலில் ஊரில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை எந்த விளம்பரமும் மாற்றாது. குடும்பங்களும் துக்கத்தின் நடுவே நான்கு இடங்களில் விலை விசாரிப்பதில்லை. தாத்தாவை எங்கே வைத்திருந்தார்களோ அங்கேயே தந்தைக்கும் தொலைபேசி செய்கிறார்கள். ஆகவே புதிதாக ஒருவர் வந்து அழகான கட்டடம் கட்டினாலும் தொலைபேசி அடிப்பதில்லை. ஊருக்குள் நுழைய ஒரே வழி, ஏற்கெனவே இருக்கும் பெயரை விலைக்கு வாங்குவது. கட்டடத்துக்கும் ஊர்திக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கு மேலாகப் பெயருக்கென்று பெருந்தொகை கைமாறுவது இதனால்தான். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை, அக்குடும்பம் விலகிய பின்னும் வேறொருவருக்கு வருமானம் ஈட்டித் தருகிறது. சட்டப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனாலும் உரிமை மாறியதை வாசலில் ஒரு சிறு வரியாக எழுதி வைப்பதுதான் நேர்மை என்பது என் கருத்து.

கேள்வி (புதுச்சேரி வழக்கறிஞர்): சிற்றூர் உரிமையாளர் ஒருவர் கனடிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து அதைத் திவாலாக்கியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: திவாலானது உண்மை, அந்த ஒரு வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கனடாவின் மேனிட்டோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் என்ற சிற்றூரில் தந்தை நடத்திய இறுதிச்சடங்கு இல்லத்தில் வளர்ந்த ரே லோவன், அங்கிருந்து தொடங்கி வால்ட்ரிப்பின் நிறுவனத்துக்கு அடுத்த இடத்துக்குத் தம் நிறுவனத்தைக் கொண்டுவந்தார். விற்க விரும்பும் குடும்பங்களை அணுகுவதில் அவருக்குத் தனித்திறமை இருந்தது: தாமும் இத்தொழில் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், வாரிசுச் சிக்கலில் தவித்த முதியவர்கள் அவரை நம்பினார்கள். உச்சத்தில் இருந்தபோது அவருடைய நிறுவனத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இல்லங்கள் இருந்தன.

மிசிசிப்பி மாநிலத்தின் வளைகுடாக் கரையில் உள்ள பிலாக்சி நகரைச் சேர்ந்த ஜெரமையா ஒகீஃப், இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் போரிட்டவர், அந்நகரின் மேயராகவும் இருந்தவர். அவருடைய குடும்பம் இறுதிச்சடங்கு இல்லங்களையும் அச்செலவுக்கான காப்பீட்டுத் தொழிலையும் நடத்திவந்தது. லோவன் நிறுவனம் அவ்வட்டாரத்தில் போட்டி இல்லங்களை வாங்கியதால் எழுந்த தகராறு, 1991இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தது: ஒகீஃபின் சில இல்லங்களை லோவன் வாங்கிக்கொள்வது, ஒரு காப்பீட்டு நிறுவனத்தை ஒகீஃபுக்கு விற்பது. சில மில்லியன் டாலர் பெறுமான அந்த ஒப்பந்தத்தை லோவன் நிறைவேற்றாமல் இழுத்தடித்தார் என்பதே ஒகீஃபின் குற்றச்சாட்டு. தம்மைக் கடன் சுமையில் தள்ளிப் பணியவைக்கும் நோக்கத்துடன் அது செய்யப்பட்டது என்றும் அவர் தரப்பு வாதிட்டது.

ஃபுளோரிடாவைச் சேர்ந்த கருப்பின வழக்கறிஞர் வில்லி கேரி அவருக்காக வாதாட, 1995 நவம்பரில் ஜாக்சன் நகர நடுவர் குழு 50 கோடி டாலர் வழங்கும்படித் தீர்ப்பளித்தது. இதில் 40 கோடி, தண்டனையாக விதிக்கப்பட்ட இழப்பீடு. மேல்முறையீட்டுக் காலத்தில் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டுமானால் அத்தொகையில் 125 விழுக்காட்டை, அதாவது 62.5 கோடி டாலரைப் பிணையாகக் கட்ட வேண்டியிருந்தது. அதைத் திரட்ட வழியில்லாத நிறுவனம், 1996 ஜனவரியில் 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டில் சர்வீஸ் கார்ப்பரேஷன் அதனை விழுங்க முயன்றது. லோவன் மறுத்து மேலும் கடன் வாங்கி மேலும் இல்லங்களை வாங்கினார். 1999இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2002இல் ஆல்டர்வுட்ஸ் என்ற புதுப்பெயரில் வெளிவந்த அதனை 2006இல் சர்வீஸ் கார்ப்பரேஷனே வாங்கிக்கொண்டது. லோவனுக்கு ஜாக்சனில் விழுந்தது பலத்த அடிதான். ஆனால் அதன் பிறகும் கடன் வாங்கி வாங்கியதே அவரை வீழ்த்தியது என்று கருதுகிறேன்.

தாங்கள் வழக்கறிஞர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த விசாரணையில் உள்ளூர்க்காரர், வெளிநாட்டார் என்ற உணர்வும் இன உணர்வும் நடுவர்கள் முன் தாராளமாகத் தூண்டப்பட்டன. வட அமெரிக்கத் தடையற்ற வணிக உடன்படிக்கையின் கீழ் லோவன் தரப்பு அமெரிக்க அரசின் மீது தொடுத்த வழக்கை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம், மிசிசிப்பி விசாரணை நடந்த முறையை மிகக் கடுமையாகக் கண்டித்தது. ஆயினும் அதிகார வரம்பைக் காட்டி 2003இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சிறியவர் பெரியவரை வென்ற கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர் கல்லூரி மாணவி): கருப்பினத்தவருக்குத் தனி இல்லங்கள் இருந்தனவா? அவற்றின் உரிமை யாரிடம் இருந்தது?

பதில்: இருந்தன, இன்றும் இருக்கின்றன, உரிமையும் கருப்பினக் குடும்பங்களிடமே இருந்தது. தென்மாநிலங்களின் இனப்பாகுபாடு வாழ்வில் மட்டுமின்றிச் சாவிலும் கோடு கிழித்தது. வெள்ளையர் இல்லங்கள் கருப்பின உடல்களை ஏற்க மறுத்தன, அல்லது பின்வாசல் வழியாக ஏற்றன. அதனால் வெள்ளையர் போட்டியே இல்லாத ஒரு தொழில் கருப்பினத்தவர் கையில் வந்தது. வாடிக்கையாளர் அனைவரும் தம் மக்களே என்பதால், வெள்ளை முதலாளியின் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாத சிலரில் இவ்வில்லங்களின் உரிமையாளர்களும் இருந்தார்கள்.

அலபாமாவின் பர்மிங்காமில் ஏ. ஜி. காஸ்டன் 1923இல் ஈமச்செலவுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கி, இறுதிச்சடங்கு இல்லம், காப்பீட்டு நிறுவனம், விடுதி என விரித்தார். கருப்பினத்தவரின் சம உரிமைக்காக அங்கே நடந்த 1963 போராட்டத்தின்போது, அதன் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் தங்கியது அவருடைய விடுதியில்தான். கிங்கின் பிணைக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. 1987இல் அவர் காப்பீட்டு நிறுவனத்தை அதன் மதிப்பில் ஒரு சிறு பகுதியே ஆன விலைக்குத் தம் ஊழியர்களுக்கே விற்றார். இத்துறையின் உரிமை மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

1968இல் கிங் மெம்ஃபிஸ் நகருக்கு வந்தபோது அவருக்குக் காரும் ஓட்டுநரும் அனுப்பியது ஆர். எஸ். லூயிஸ் அண்ட் சன்ஸ் என்ற கருப்பின இறுதிச்சடங்கு இல்லம். ஏப்ரல் 4 அன்று அவர் சுடப்பட்டு இறந்த பின் அவருடைய உடலை இறுதிப் பார்வைக்கு ஆயத்தம் செய்ததும் அதே இல்லம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஆம்புலன்சுகளையும் இவர்களே ஓட்டினார்களாமே?

பதில்: ஆம். ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் வண்டி ஊரில் இவர்களிடம் மட்டுமே இருந்தது. 1966இல் வெளியான தேசிய அறிவியல் கழக அறிக்கை, நாட்டின் ஆம்புலன்சு சேவையில் ஏறத்தாழப் பாதியை சுமார் 12,000 இறுதிச்சடங்கு நடத்துநர்கள் அளிப்பதாகக் கூறியது. இந்த வேலையில் இலாபம் இல்லை. ஆபத்தில் உதவியவரைக் குடும்பம் மறக்காது என்பதே கணக்கு. 1970களில் பயிற்சி, கருவிகள் பற்றிய விதிகள் கடுமையானதும் விலகிக்கொண்டார்கள்.

கேள்வி (அடையாறு வாசகி): என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே நம் முறைப்படி தகனம் செய்யும்போதும் விலையுயர்ந்த பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் இறுதிச்சடங்கு விதி 1984இல் நடைமுறைக்கு வந்தது. நேரில் சென்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை குறித்த பட்டியலைக் கையில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வேறிடத்தில் வாங்கிய பெட்டியை மறுக்கக் கூடாது. சடங்குகள் இன்றி நேரடித் தகனம் கேட்போரைச் சவப்பெட்டி வாங்கும்படிக் கட்டாயப்படுத்தாமல், அட்டையாலோ சாதாரணப் பலகையாலோ ஆன எளிய பெட்டியைத் தர வேண்டும் என்கிறது அது. மறுக்க முடியாத கட்டணம் ஒன்றே ஒன்று: இல்லத்தின் அடிப்படைச் சேவைக் கட்டணம். உடலைக் குளிப்பாட்டவும், புரோகிதரை வைத்து மந்திரம் சொல்லவும், மகனே தகன உலையின் பொத்தானை அழுத்தவும் இந்துக் குடும்பங்கள் மிகுந்த ஊர்களின் இல்லங்கள் இப்போது பழகிவிட்டன. தகனக் கூடம் தம்மிடமே உள்ளதா, வேறிடத்துக்கு அனுப்புவார்களா என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

தாங்கள் அடையாற்றிலிருந்து எழுதியதால் ஒரு செய்தி. அமெரிக்காவின் முதல் தகனக் கூடத்தைப் பென்சில்வேனியாவில் லெமாய்ன் என்ற மருத்துவர் கட்டினார். 1876 டிசம்பர் 6 அன்று அங்கே முதலில் தகனம் செய்யப்பட்டவர் பிரம்மஞான சபை உறுப்பினரான பாரன் தெ பாம். முன்னின்று ஏற்பாடு செய்தவர் அச்சபையின் தலைவர் கர்னல் ஆல்காட். பின்னர் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்து, 1907இல் இங்கேயே காலமானவர். அன்று ஊர் கூடி வேடிக்கை பார்த்த தகனம், 2015இல் அந்நாட்டில் அடக்கத்தை முந்தியது. இப்போது பத்தில் ஆறு பேர் தகனம் செய்யப்படுகிறார்கள். பெட்டியும் கல்லறையும் தந்த வருமானம் குறைந்ததால், சிறிய குடும்ப இல்லங்கள் தடுமாறுகின்றன.

கேள்வி (ஈரோடு வாசகர்): வாரிசுகள் ஏன் விற்கிறார்கள்? யார் வேண்டுமானாலும் வாங்கலாமா? வாங்கியவர் யார் என்று அறிவது எப்படி?

பதில்: இரவு பகல் பாராத வேலை, விடுமுறை இல்லை, படித்து உரிமம் வாங்க வேண்டும். வேறு ஊரில் வேறு வேலை பார்க்கும் பிள்ளை திரும்பி வருவதில்லை. வந்தாலும், மற்ற உடன்பிறப்புகளின் பங்கைக் கொடுக்கக் கடன் வாங்க வேண்டும். தகனம் பெருகிவிட்ட இக்காலத்தில் அக்கடனை அடைக்கும் வருமானம் சிற்றூர் இல்லத்தில் வருவதில்லை. ஒரு நம்பிக்கையான மாற்றம், மகள்கள் வருவது: இத்துறைக் கல்லூரிகளின் மாணவர்களில் இப்போது பெரும்பான்மையினர் பெண்கள். 'புதல்வர்கள்' என்ற சொல் பலகையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று தெரியவில்லை.

வாங்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் உரிமையாளராகலாம், உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பில் இருந்தால் போதும். பென்சில்வேனியாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டமோ உரிமையைப் பெரும்பாலும் உரிமம் பெற்றவர்களுக்கே ஒதுக்கியது. 1935க்கு முன்பே தோன்றிய சில நிறுவனங்களுக்கும், இறந்த உரிமையாளரின் மனைவிக்கும் விலக்கு அளித்தது. இத்தகைய விதிகள் பெரிய நிறுவனங்களைத் தடுத்துக் குடும்பங்களைக் காத்தன என்பது ஒரு தரப்பு. போட்டியைத் தடுத்து விலையைக் காத்தன என்பது மறுதரப்பு. லூசியானாவில் செயின்ட் ஜோசப் மடத்துத் துறவிகள் தாம் செய்த மரப்பெட்டிகளை விற்கக் கூடாது என்று இத்தொழிலுக்கான அம்மாநில உரிம வாரியம் தடுத்ததையும், 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் துறவிகள் பக்கம் நின்றதையும் பார்க்கும்போது மறுதரப்பின் வாதத்தில் வலு இருப்பதாகவே தோன்றுகிறது.

உரிமையாளரை அறிவதற்கு: இல்லத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை விலைப்பட்டியலில் இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி சொல்கிறதே அன்றி, தாய் நிறுவனத்தின் பெயரைக் கேட்கவில்லை. ஆகவே ஒப்பந்தத்தின் அடியில் கையெழுத்திடும் சட்டபூர்வப் பெயரைப் பாருங்கள். மாநில உரிம வாரியத்தின் பதிவில் அதே பெயரைத் தேடுங்கள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் தம் இல்லங்களின் பட்டியலைத் தாமே வெளியிடுகின்றன. முன்கூட்டியே பணம் கட்டுவதானால், அது அறக்கட்டளைக் கணக்கில் இருக்குமா, காப்பீடாக இருக்குமா, இல்லம் கைமாறினாலோ நீங்கள் ஊர் மாறினாலோ வேறு இல்லத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்ட பிறகே கட்டுங்கள்.